நபீசாவுக்கு நான் வைத்த சுருதி

எனக்கு எழுத வராது. தமிழில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று தெரியாது. வருஷமும் தேதியும் மறந்துபோகிறது. பாட்டு மட்டும் மறக்கவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட டீச்சர், கல்யாண வீடுகளில் பாடப் போகும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். உபயோகமாக என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுதினால் என்னைப் பற்றி நல்லபடியாக இருக்காது. இரண்டு மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1. பெட்டியோடு முதல் நாள்

என் அத்தா மட்டாஞ்சேரியில் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ரீடு மாற்றிய பெட்டியை வாசித்துப் பார்ப்பது என் வேலை. அப்படித்தான் கை வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஒரு மைலாஞ்சிக் கல்யாணத்துக்கு, அதாவது பெண்ணுக்கு மருதாணி இடும் ராத்திரிக்கு, வரவேண்டிய பெட்டிக்காரம்மாவுக்குக் காய்ச்சல். அத்தா என்னை அனுப்பிவிட்டார். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பெட்டிக்குப் பின்னால் முக்காட்டை நெற்றி வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முன்னால் பாடுகிறவள் நபீசா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடும் பாட்டுகளில் அவளை அடிக்க ஆள் கிடையாது. எத்தனை கட்டையில் பாடுவாய் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. உங்களுக்குத் தோணுறதை வைங்க" என்றாள்.

புதிதாகப் பாடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெட்டியில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். நடுவில் இருக்கும் கறுப்பு அரைக் கட்டை. எந்தக் கட்டையை ஸ என்று வைக்கிறோமோ அதுதான் பாடுகிறவருக்குத் தரை. தரையை மேலே தூக்கி வைத்தால் பாட்டு முழுக்க மேலே போகும்.

நான் ஐந்தரைக் கட்டை வைத்தேன். வீட்டில் தனியாக முணுமுணுக்கும்போது என் குரல் அங்கேதான் நிற்கும். வேறு எண்ணம் எதுவும் அன்று இல்லை. அதை மட்டும் நம்பவேண்டும்.

அவள் பாட, நான் பின்பாட்டு. பாட்டு மேலே ஏறும் இடத்தில் நபீசாவின் குரல் நூல் மாதிரி மெலிந்துவிடும். அங்கே நான் சேர்ந்துகொள்வேன். ஒரே மைக். கேட்கிறவர்களுக்கு இரண்டு குரல் என்றே தெரியாது. பாட்டு முடிந்ததும் பெண்ணின் பெரியம்மா வந்து நபீசாவின் கன்னத்தைத் தடவி, "மேலே போறப்ப அந்தச் சத்தம் இருக்கே, படச்சவன் குடுத்ததுடி" என்றாள். அந்தச் சத்தம் என்னுடையது. நான் பெட்டியின் துருத்தியை மூடிக் கொக்கி போட்டேன்.

அன்று முதல் நாங்கள் ஒரு செட். தோலக் அடிக்க ஆமினா சேர்ந்தாள். மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, எர்ணாகுளம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பாடினோம்.

2. பிள்ளையைத் தூங்க வைத்த பாட்டு

நபீசாவின் மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அவனையும் கல்யாண வீடுகளுக்குத் தூக்கி வருவாள். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பந்தி காலியாகக் காத்திருந்தோம். பிள்ளை அழுதது. அவள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் நடந்தாள். எங்கள் மைலாஞ்சிப் பாட்டுகளில் ஒன்றைத்தான் பாடினாள். பெட்டி இல்லை, யாரும் சுருதி கொடுக்கவில்லை. அவளுக்கு வந்த இடத்தில் பாடினாள்.

நான் தண்ணீர் குடிக்க அங்கே போனவள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அது ரொம்பக் கீழே இருந்தது. நாலு கட்டை என்று என் காது சொன்னது. மேலே ஏறும் இடத்திலும் நூல் மாதிரி ஆகவில்லை. நல்ல பழுத்த குரல். அடியில் ஒரு சொரசொரப்பு. தேங்காயைத் துருவும்போது கையில் படுமே, அந்த மாதிரி. அவளிடம் இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது என்று எனக்குப் புரிந்தது. பிள்ளையைத் தூங்க வைக்கிறவளுக்குத் தன் குரலைக் கேட்க நேரம் ஏது.

நானும் வாய்க்குள் சேர்ந்து பாடிப் பார்த்தேன். அந்தக் கீழ் ஸ்தாயியில் எனக்குக் காற்றுதான் வந்தது. நாலு கட்டையில் பெட்டி வைத்தால் அந்த செட்டில் நான் பாட முடியாது. விரல் மட்டும்தான் எனக்கு மிஞ்சும்.

சாப்பாடு இறங்கவில்லை. பிரியாணியை ஆமினாவின் தட்டில் தள்ளிவிட்டேன்.

அந்த வருஷமோ அடுத்த வருஷமோ நபீசா தானாகவே கேட்டாள். தொண்டை வலித்திருக்க வேண்டும். "அக்கா, பெட்டியக் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சா என்ன?"

நான் யோசிக்கக்கூட இல்லை. எனக்குக் கூச்சம் அதிகம், பேச்சு குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று பேச்சு நன்றாகவே வந்தது. "கல்யாணப் பாட்டை இறக்கிப் பிடிச்சா எழவு விழுந்த மய்யத்து வீடு மாதிரி ஆயிரும் புள்ள. உன் சுருதி ஐந்தரைதான். பாட்டு படிச்ச ஆளுங்க கேட்டாச் சிரிப்பாங்க" என்றேன்.

நபீசாவுக்குப் பெட்டி தெரியாது. நான் ரிப்பேர்காரர் மகள். நான் சொன்னதை நம்பினாள். பிறகு அவள் கேட்கவே இல்லை. இடையில் எங்கள் செட்டின் பாட்டுகளை எர்ணாகுளத்தில் ஒரே பகலில் பதிந்து சிடி போட்டோம். அதிலும் ஐந்தரைதான், அதிலும் ஒரே மைக்தான். அட்டையில் மூன்று பேர் பெயரும் இருந்தது. நபீசாவின் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அளந்தேன்.

3. இரண்டு தடவைதான் கேட்டாள்

ஆமினாவுக்கு மூட்டு போயிற்று. கல்யாணங்களுக்கு டிஜே வந்தார்கள். செட் தானாக நின்றது. நபீசாவும் நானும் ஒரே தெருவில் இருந்தோம். சாயா குடிக்க அவள் என் வீட்டுக்கு வருவாள், நான் அவள் வீட்டுக்குப் போவேன்.

நாலைந்து வருஷம் முன்னால் டெஸ்ஸி என்று ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோப்பும்படிக்காரி, கிடார் வாசிப்பாள், பாட்டுக்கு இசை சேர்ப்பது தொழில். எங்கள் சிடி எப்படியோ அவள் கையில் கிடைத்திருக்கிறது. அட்டையில் என் வீட்டு விலாசம்தான் இருந்தது. கொஞ்சம் தமிழும் மிச்சம் மலையாளமுமாகப் பேசினாள். இந்தப் பாட்டுகளைக் கிடார், சாக்ஸபோன், தப்லா எல்லாம் சேர்த்து, பாதி மெஹ்ஃபில் கச்சேரி மாதிரியும் பாதி ஜாஸ் மாதிரியும் செய்யவேண்டும், பாடுகிற இத்தா, அதாவது அக்கா, நீங்கள்தானா என்று கேட்டாள்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் சிடியில் கேட்டு மயங்கிய மேல்குரல் என்னுடையதுதான். ஆனால் எனக்கு முகம் சுட்டது. முக்காட்டை இழுத்துக்கொண்டு, "நான் கூடப் பாடுறவதான். பாடுறவ நாலு வீடு தள்ளி இருக்கா" என்று கை காட்டினேன். வாசல் வரைக்கும் போய் வழியும் சொன்னேன்.

ஒரு வாரத்தில் நபீசா வந்தாள். ஆல்பம் அவள் ஒருத்தியின் பெயரில் வரப்போகிறதாம். நம் சிடி முதல் ஆல்பமாம், இது அவளுடைய இரண்டாவது ஆல்பமாம், டெஸ்ஸி அப்படிச் சொல்கிறாளாம். பெட்டிக்கு நீங்கள் வரணும் என்றாள். எனக்குக் கால் வலி என்றேன். சாயா குடித்துவிட்டு எழும்போது மறுபடி கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் பாடச் சொன்னதும் பாட ஆரம்பிக்க மாட்டோம். தொண்டை சரியில்லை என்போம். மறுபடி கேட்பார்கள், நேரமாகிவிட்டது என்போம். மூன்றாம் தடவை கேட்டதும் பெட்டியைத் திறப்போம். நபீசாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மூன்றாம் தடவைக்காக உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் துடைத்து, ரீடு எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஒருநாள் என் பேத்தியின் போனில் ஆல்பத்துக்கான விளம்பரப் படம் வந்தது. யூதர் தெருவில், ஜூ டவுனில், ஒரு பழைய சுக்கு கோடவுன் கதவுக்கு முன்னால் நபீசா பச்சைப் புடவையில் நிற்கிறாள். கீழே அவள் பெயர் மட்டும். பேத்தி போனதும் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அவள் முகத்துச் சுருக்கங்களை எண்ணினேன். எதையும் அழிக்கவில்லை. அதோடேயே அழகாக இருந்தாள். எனக்கு அன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

4. களமசேரியில்

ரெக்கார்டிங் ஆரம்பித்து மூன்றாம் நாள் காலையில் டெஸ்ஸி போன் செய்தாள். ஸ்டூடியோ களமசேரியில். நபீசாவின் குரல் மேலே போகும்போது உடைகிறதாம். மூன்று நாளாக ஒரு டேக்கும் சரியாக வரவில்லை. மெஷினில் ஏற்றிச் சரி செய்யலாம் என்றால், அது என் சத்தம் இல்லை, வேண்டாம் என்கிறாளாம். சுருதியை இறக்கலாம் என்றால் ஒரேயடியாக மறுக்கிறாளாம்.

"கல்யாணப் பாட்டு இறக்கினா மய்யத்து வீடு ஆவும்னு நபீசா இத்தா சொல்லுது. ஐந்தரைதான் என்டே சுருதின்னு ஒரே வாசி, பிடிவாதம். மைமூன் அக்கா சொன்னதாம். நிங்க வந்து சொன்னா கேக்கும்."

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தையை அவள் அப்படியே வைத்திருந்தாள்.

இன்றைக்கும் சரியாகாவிட்டால் மேல் இடங்களை எர்ணாகுளத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வந்து பாட வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆல்பத்தை நிறுத்தவேண்டும் என்றாள் டெஸ்ஸி.

போட்டில் எர்ணாகுளம் போய் அங்கிருந்து மெட்ரோவில் போனேன். வழி நெடுக என் மனது எப்படி இருந்தது என்று உள்ளதைச் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. நான் இல்லாமல் அவளால் முடியவில்லை. மேல் சத்தம் யாருடையது என்று இப்போது தெரிந்திருக்கும். கால் வலிக்கவே இல்லை.

ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சோபா. டெஸ்ஸி என்னை உட்கார வைத்து, எடுத்த பாட்டைப் போட்டுக் காட்டினாள். மாப்பிள்ளையின் மூக்கைக் கேலி செய்யும் பாட்டு. நாங்கள் கைதட்டி ஓட்டமாகப் பாடுவது. அவள் அதைப் பாதி வேகத்தில் வைத்திருந்தாள். கிடார் சும்மா இரண்டு இடத்தில் தொடுகிறது. சாக்ஸபோன் பின்னால் பெருமூச்சு விடுகிறது. கேலிப் பாட்டு அழுகைப் பாட்டாக ஆகியிருந்தது, ஆனால் கேலியும் போகவில்லை. இது கூத்தாக இருக்கும் என்று நினைத்து வந்தவள் சோபாவின் நுனிக்கு நகர்ந்து கேட்டேன். பிறகு மேல் இடம் வந்தது. நபீசாவின் குரல் கீறிக்கொண்டு உடைந்தது. டெஸ்ஸி நிறுத்திவிட்டாள்.

நபீசா ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

"எனக்கு என்னக்கா ஆச்சு? சிடியில நல்லா இருந்துச்சே. எங்கே போச்சு அந்தச் சத்தம்?"

சிடியில் அந்தச் சத்தம் நான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. முப்பது வருஷமாகத் தெரியவில்லை. தனியாகப் பாடித்தானே தெரியவேண்டும், தனியாகப் பாட நான் எப்போது விட்டேன். உன் சுருதி இது இல்லை, எப்போதும் இது இல்லை, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். டெஸ்ஸி பார்த்துக்கொண்டிருந்தாள். தப்லாக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். நபீசாவின் கை சூடாக இருந்தது.

நான் சொன்னது இது: "வயசாச்சுல்ல புள்ள. இனி இறக்கித்தான் பிடிக்கணும். நான் பெட்டி வைக்கிறேன் வா."

அவள் முகம் விழுந்தது. வயது என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். நான் சொல்லும் எதையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

கண்ணாடிக்கு உள்ளே பாடும் அறைக்குப் போனோம், அங்கே ஒரு பெட்டி இருந்தது. ஐந்தரையிலிருந்து இடது பக்கம் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து மூன்று கட்டை தள்ளி, நாலில் விரலை வைத்தேன். நபீசா என்னைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். முதல் வரி கொஞ்சம் நடுங்கியது. இரண்டாம் வரியில் அவளே தன் குரலைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு விட்டாள். சமையல்கட்டுக்குப் பின்னால் கேட்ட அதே குரல், இப்போது வயதும் சேர்ந்து இன்னும் கனத்திருந்தது. மேல் இடம் வந்தது. பழக்க தோஷத்தில் சேர்ந்து பாட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஓட்டினேன். அவள் தனியாக ஏறி, தனியாக நின்று, தனியாக இறங்கினாள்.

டெஸ்ஸி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில், மெதுவாக, "ஆத்யம் தொட்டு எடுக்காம் இத்தா" என்றாள். முதல் பாட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்கலாம் என்று அர்த்தம்.

நபீசா சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "வயசானது எனக்கு நல்லதாப் போச்சு போலக்கா. முன்னாடியே ஆயிருக்கலாம்" என்றாள்.

தப்லாக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாதிரி ஒரு பொறாமை எனக்கு அதற்கு முன்னால் வந்தது கிடையாது. போட்டோவைப் பார்த்தபோது வந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது பெயருக்காக வந்தது. இது அந்தக் குரலுக்காக. அதே நேரத்தில் இருபத்தைந்து வயதில் அவள் இப்படிப் பாடியிருந்தால் எங்கே போயிருப்பாள் என்று கணக்குப் போட முடியவில்லை.

ஐந்து நாள் பெட்டிக்குப் போனேன். எல்லாம் நாலு கட்டை. டெஸ்ஸி சாயா கொண்டுவரும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நபீசா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதைக் காரணமாக வைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன்.

5. ஆல்பம் வந்த பிறகு

ஆல்பம் வந்தது. ஜூ டவுனில் ஒரு கோடவுனில் வைத்து நபீசா பாடினாள். நின்று கேட்கக்கூட இடம் இல்லை. கல்யாண வீட்டுக் கிழவிகளும் ஜீன்ஸ் போட்ட பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஆமினாவை நாற்காலியில் தூக்கி வந்திருந்தார்கள். அவள் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தோலக் அடிக்கிறவளுக்குக் காது இருக்காதா.

பாட்டு முடிந்ததும் ஒரு பத்திரிகைக்காரப் பெண் நபீசாவிடம், இவ்வளவு ஆழமான குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். நபீசா என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "வயசான பெறவு வந்த சத்தம். எங்க மைமூன் அக்காதான் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க" என்றாள். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். முக்காட்டை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு நின்றேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள்.

பாடப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பெட்டிக்காரர் வைக்கிற சுருதியை உன் சுருதி என்று நம்பிவிடாதே. எந்தப் பெட்டியும் இல்லாமல், யாரும் பக்கத்தில் இல்லாமல், வேலை செய்துகொண்டே பாடு. குரல் எங்கே வந்து நிற்கிறதோ அதைப் போனில் பிடித்து வை. பிறகு அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்காரரிடம் கொடு. இறக்கக்கூடாது என்று அவர் சொன்னால், அவரும் கூடப் பாடுகிறாரா என்று பார்.

பெட்டி பிடிக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. முன்னால் உட்கார்ந்து பாடுகிறவளின் தரை உன் விரலில் இருக்கிறது. உனக்குப் பாட ஆசை இருந்தால் வாய் திறந்து கேட்டு, முன்னால் வந்து உட்கார்ந்து பாடு. நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் செய்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், இதில் ஆல்பத்தில் எத்தனை பாட்டு, எந்த வருஷம் என்பதையெல்லாம் நான் எழுதவில்லை, மறந்துவிட்டது. சிடி பதிந்தது ஒரே பகலா, இரண்டு நாளா என்று ஆமினாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டைக் கணக்கை டெஸ்ஸியிடம் காட்டிச் சரிபாருங்கள். நபீசாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளம்தான். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போய் இதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டவேண்டும், ஒன்றையும் விடாமல். நான் வீட்டில்தான் இருப்பேன். அவள் எதைத் தப்பு என்று சொல்கிறாளோ அதை அவள் சொல்கிறபடி மாற்றிவிடுங்கள். முழுக்க வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான்.